குழாயடியில் வைத்த வெள்ளைக் காய்

நெல்லேரிப்பட்டுக் கல்யாண மண்டபத்தில் கோ ஆட்டத்துப் பலகை வளர ஆரம்பித்தபோது உள்ளே சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, வெளியே தலைமை விருந்தினருக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் கன்னியப்பன் மாமாவும் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அதனால் அதை முதலில் பார்த்தது அப்பளக் கூடையோடு குறுக்கே போன மாமாவின் சம்சாரம் பச்சையம்மா அத்தைதான். பலகை மேசையை விட்டு வெளியே வந்து தொங்குகிறது, யாராவது இன்னொரு மேசை கொண்டுவந்து முட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அப்பளம் நமத்துப்போகும் என்பதால் அத்தை நிற்காமல் போய்விட்டார். இன்னொரு மேசை வந்தது. அதுவும் போதவில்லை. கடைசிப் பந்தி எழுவதற்குள் மண்டபத்து மேசை எல்லாமே பலகைக்கு அடியில் போய்விட, வந்தவர்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். தரையில் உட்கார்ந்தால் இன்னும் ஒரு பிடி கூட இறங்குகிறது என்று பேசிக்கொண்டார்களே தவிர, பலகையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

எங்கள் ஊருக்கு இந்த ஆட்டம் வந்தது ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொரியாக்காரர்களின் கார்க் கண்ணாடிக் கம்பெனியிலிருந்து. அங்கே கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போன பெண்கள், கம்பெனி பஸ் வரும்வரை சும்மா உட்காரப் பிடிக்காமல் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து மாமியார்களும், மாமியார்களிடமிருந்து ஆம்பளைகளும் கற்றுக்கொண்டு, மாவட்டப் போட்டியே எங்கள் மண்டபத்தில் நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. கோடும் கோடும் சந்திக்கிற முனையில் ஒருத்தர் கறுப்புக் காய் வைக்க வேண்டும், ஒருத்தர் வெள்ளைக் காய் வைக்க வேண்டும். ஒரு காயைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கிற காலி முனைதான் அதன் மூச்சு. ஒட்டி நிற்கிற காய்கள் தங்களுக்குள் மூச்சைப் பங்குபோட்டுக்கொள்ளும். எல்லா மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் அந்தக் கூட்டத்தையே தூக்கித் தன் டப்பா மூடியில் போட்டுக்கொள்வார். ஆட்டம் முடிகிற வரைக்கும் அவை மூடியில்தான் கிடக்க வேண்டும். வைத்த காயை நகர்த்தக் கூடாது. சேலை பட்டோ பிள்ளை இழுத்தோ நகர்ந்துவிட்டால் பழைய இடத்திலேயே திருப்பி வைத்துவிட வேண்டும். காயை வைத்து, பிடித்ததைத் தூக்கி, கடிகாரத்தில் தன் பக்கத்துக் குமிழை அமுக்கினால்தான் ஒருத்தர் முறை முடியும். இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போதும் என்று சொன்னால் ஆட்டம் முடிந்தது, காய்களால் அதிக இடத்தை வளைத்தவர் ஜெயித்தார். ஒருத்தருடைய நேரம் தீர்ந்துபோனாலும் முடிந்தது, அவர் தோத்தார்.

மற்ற ஊர்களில் பாதியிலேயே தோத்துட்டேன் என்று எழுந்துவிடலாம். எங்கள் ஊர் இறுதி ஆட்டத்தில் அது கிடையாது, அதற்குக் காரணம் கன்னியப்பன் மாமா. அவர் பந்தல் போடுகிறவர், ஊருக்கே மாமா. முதல் வருஷம் இறுதி ஆட்டத்தில் அவர் பாதியில் போதும்ப்பா தோத்துட்டேன் என்று எழுந்துவிட, அரிசி அப்போதுதான் உலையில் விழுந்திருந்தது, தலைமை விருந்தினர் டோல்கேட்டிலேயே நின்றிருந்தார், வெளியூர்க்காரர்கள் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனார்கள். ஊர் மானம் போயிற்று என்று கமிட்டி கூடி, இனி இறுதி ஆட்டத்தைக் கடைசிவரை ஆடியே தீர வேண்டும் என்று முடிவு பண்ணியது. மாமாவுக்குப் போதும் கன்னியப்பன் என்று பேர் விழுந்தது. அன்றிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வருவதில்லை. பந்தியில் வேண்டுமென்றே ஊற்றிக்கொண்டே போவார்கள், ரசம் இலை தாண்டி வேட்டியில் ஓடினாலும் கையைத்தான் குறுக்கே நீட்டுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். அவருக்கு எதிரே இந்த வருஷம் உட்கார்ந்திருந்தது நான். அவர் கறுப்பு, நான் வெள்ளை.

நடுவர் ஏசுபாதம் சார், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், விசிலை ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாதவர். பலகை வளர்கிறதே, ஆட்டத்தை நிறுத்தலாமா என்று கமிட்டி கேட்டதற்கு, பலகை வளரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, ஆனால் பலகை வளர்ந்தால் நேரமும் வளர்வதுதான் நியாயம் என்று சொல்லி, புதிதாக ஒரு கோடு பிறக்கும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் கடிகாரத்தில் நேரம் கூட்டிக்கொண்டே வந்தார். பொழுது சாய்ந்தால் கடிகாரத்தை நிறுத்திவிடுவது, விடிந்தால் ஓடவிடுவது என்றும் ஆயிற்று. பலகை வாசல்படி இறங்கியது. சிமென்ட் ரோட்டில் போனது, பால் சொசைட்டியைச் சுற்றிக்கொண்டு போனது, வீட்டுக்குள் புகுந்து அடுப்படி வழியாகக் கொல்லைப்பக்கம் போனது, பள்ளிக்கூடத்துக் கம்பி வேலியைத் தாண்டிப் போனது. காலையில் வாசல் பெருக்கும்போது புதுக்கோடு வந்திருந்தால் அதன் மேலேயே தண்ணீர் தெளித்து, அதை வைத்தே கோலம் போட்டுக்கொண்டார்கள், புள்ளி வைக்கிற வேலை மிச்சம். நாங்களும் உட்கார்ந்து ஆடுகிறதை விட்டுவிட்டோம். நான் என் பெண் தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டும், மாமா பந்தல் கம்பி ஏற்றுகிற குட்டியானை வண்டியிலும், கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிய ஏசுபாதம் சார் மொபெட்டிலுமாக, முனை முனையாகப் போய்க் காய் வைத்தோம்.

காய் முதல் நாளே தீர்ந்துவிட்டது. அப்புறம் நான் வெள்ளை பக்கெட் வைத்தேன், அவர் டயர் வைத்தார். நான் தயிர்ப்பானைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தேன், அவர் ஆட்டுக்கல் வைத்தார். காற்றில் பறக்கிற பாலித்தீன் பையைக் காயாக வைக்கப்போனவரை ஏசுபாதம் சார் விசில் அடித்துத் தடுத்து, கனம் இல்லாதது காய் ஆகாது என்றார். ஹெல்மெட்டும் தண்ணீர்த் தொட்டி மூடியும் தீர்ந்து, எருமைகளும் வெள்ளாடுகளும் தீர்ந்து, கடைசியில் மனுஷர்கள் நின்றார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. கார்த்திகை மாசம், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் எல்லாம் ஏற்கெனவே கறுப்பு வேட்டியில் இருந்ததால், அவர்கள் தானாகவே மாமாவின் காய் ஆனார்கள். கட்சிக்காரர்களும் நர்ஸம்மாக்களும் வெள்ளையில் இருந்ததால் என் காய். கால் வலித்தால் வீட்டிலிருந்து அதே நிறத்தில் இன்னொருத்தரை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்வரலாம் என்று சார் சலுகை கொடுத்தார். தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்துத் தபால் கொடுத்தார். பஸ் ஏரிக்கரையோடு நின்றுகொண்டது, ஏனென்றால் நிறுத்தத்தில் ஒரு சாமி நின்றிருந்தார், காயை இடிக்கக் கூடாது. ஒரு நிச்சயதார்த்தம்கூட நடந்தது: மாப்பிள்ளை கறுப்பு, பெண் வெள்ளை, பக்கத்துப் பக்கத்து முனை, தட்டு மாற்ற யாரும் நகரவே வேண்டியிருக்கவில்லை.

பிடிபட்ட காய்களை வைக்க மூடி வேண்டுமே. என்னிடம் பிடிபட்டவர்களைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்திலும், மாமாவிடம் பிடிபட்டவர்களை மண்டபத்துச் சாப்பாட்டு அறையிலும் வைத்தோம். என் மூடியில் தினமும் சாம்பார் சாதம், முட்டை. மாமாவின் மூடியில் சமையல் பச்சையம்மா அத்தை, கூடவே பெரிய டி.வி. விஷயம் தெரிந்ததும் என் காய்கள் சில, எங்கே நிறுத்தினால் சீக்கிரம் பிடிபடலாம் என்று என்னிடமே வந்து ஜாடையாகக் கேட்க ஆரம்பித்தன. வட்டச் செயலாளர் ஒருவர் பிடிபட்டபோது, போராட்டத்தில் கைதாகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே கும்பிட்டுக்கொண்டு, கூட நாலு பேர் கோஷம் போட, மண்டபத்துக்குள் போனார். என் வீட்டுக்காரர் டில்லிபாபு கம்பெனியின் வெள்ளை யூனிஃபார்மில் ஏரிக்கரை முனையில் நின்றவர், மூன்று பக்கம் அடைபட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமல் பிடிபட்டுப்போய், அத்தை வைக்கிற காரக்குழம்பு நன்றாக இருக்கிறது, என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கவலைப்படவில்லை. ஆட்டத்தில் நான்தான் முன்னால் இருந்தேன். பால் சொசைட்டியும் மாரியம்மன் கோவில் திடலும் என் வளைப்புக்குள் இருந்தன. போதும் என்று நான் எப்போதோ சொல்லத் தயார். மாமா சொல்ல வேண்டுமே. அவர் சொல்லாத வரைக்கும் நான் சொன்னாலும் அவர் ஆடிக்கொண்டே இருப்பார், நான் வளைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவிழும். பலகையும் வளர்ந்துகொண்டே இருந்ததால் காலி முனைக்கும் பஞ்சமில்லை.

நான் அந்தத் தப்பைச் செய்தது ஒரு காலை வேளை, தெருக்குழாயடியில். தண்ணீர் வருகிற நேரம், என் முறை ஓடிக்கொண்டிருந்தது, எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே குடத்தைப் பிடித்தேன். இடுப்பில் தன்ஷிகா, குளிப்பாட்டிப் புதிதாக வெள்ளை ஷிம்மீஸ் போட்டிருந்தாள், இன்னும் பால்குடி மறக்காத பெண் என்றாலும் கனம். குடம் நிரம்பியது. தூக்க வேண்டுமே என்று பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டேன். இறக்கின இடம் ஒரு முனை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இத்தனை நாளாக எதையாவது தரையில் வைத்ததும் கடிகாரத்தைத் தேடிப் போய்ப் பழகிய என் கை, பிள்ளையை விட்டதும் தானாகவே நீண்டு, பக்கத்தில் நின்ற ஏசுபாதம் சாரின் கழுத்தில் இருந்த குமிழை அமுக்கிவிட்டது.

"சார், அது காய் இல்ல சார். என் பொண்ணு."

சார் குனிந்து பார்த்தார். "வெள்ளை. முனையில உக்காந்திருக்கு. குமிழை அமுக்கினது நீதானேம்மா?" என்றார். நேற்றுப் போட்டிருந்த பச்சை கவுனைப் போட்டிருந்தால் செல்லாது என்று சொல்லியிருப்பேன் என்று வருத்தத்தோடு சொன்னார். அந்தக் கவுன் கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் தோத்துட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். இறுதி ஆட்டத்தில் அது கிடையாதே, நீயும்தானே கமிட்டியில் கை தூக்கினாய் என்றார். தூக்கியிருந்தேன், எல்லோருக்கும் முன்னால். நேரத்தை ஓடவிட்டுத் தோற்கலாம் என்றால், மளமளவென்று ஆடுகிற எனக்குக் கடிகாரத்தில் பொங்கல் தாண்டியும் நேரம் மிச்சம் இருந்தது, அதுவரை பிள்ளை குழாயடியிலேயே கிடக்க வேண்டும்.

கன்னியப்பன் மாமா குட்டியானையை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்து ரொம்ப நேரம் பிள்ளையைப் பார்த்தார். தன்ஷிகா அவர் மீசையைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல காய் இல்லியேம்மா இது. இப்படி ஒண்டியா வெச்சிட்டியே."

"தெரியுது மாமா."

"அடிக்கத்தான் செய்வேன் நிரோஷா. மனசுல வெச்சுக்காத."

அவர் அப்படித்தான், தன் தம்பியோடு ஆடினாலும் கை நடுங்காது. தன்ஷிகாவின் கிழக்குப் பக்கம் ஒரு சாமியை நிறுத்தினார். நான் மேற்கே ஒரு கேஸ் சிலிண்டரைச் சுண்ணாம்பு பூசி வைத்தேன். அவர் ஓர் எருமை, நான் ஒரு நர்ஸம்மா. ஆட்டம் ஏரிக்கரையையும் திடலையும் விட்டுவிட்டுக் குழாயடிக்கே வந்துவிட்டது, தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் குடத்தைக் காய்களுக்கு நடுவே பக்கவாட்டில் கொண்டுபோகப் பழகிக்கொண்டார்கள். தன்ஷிகா உட்கார்ந்த இடத்தில் உட்காருகிற பெண்ணா? தவழ்ந்து போவாள், கோழியைத் துரத்துவாள், சிலிண்டரைப் பிடித்து எழுந்து நிற்பாள். காய் நகர்ந்தால் பழைய இடத்தில் வைக்க வேண்டும், ஆகவே ஊரே அவளைத் தூக்கித் தூக்கி முனையில் வைத்தது. எதிர்ப்பக்கத்துச் சாமி சரணம் சொல்லிக்கொண்டே ஒற்றைக் கையால் அவளைத் திருப்பி வைப்பார். நான் கட்டத்துக்குள்ளேயே ஒடுங்கி உட்கார்ந்து பால் கொடுத்தேன், முனையில் கால் பட்டுவிட்டால் என் பிள்ளையின் மூச்சை நானே அடைத்ததாக ஆகிவிடும். சோறு ஊட்டினது, தலை பின்னினது, தூங்க வைத்தது எல்லாம் அந்த ஒரு முனையில்தான்.

பிடிபட்டால் மூடிக்குப் போக வேண்டும். எதிராளியின் மூடிக்குள் ஆட்டக்காரர் கால் வைக்கவே கூடாது. என் வீட்டுக்காரர் அங்கேதானே இருக்கிறார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவரும், நான் பார்த்துக்கிறேன் அனுப்பு என்று சொல்லியனுப்பினார். அவர் பால் கொடுப்பாரா? ராத்திரி அழுதால் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிற மனுஷர் அவர். பலகை வளர்கிற வேகத்தில் ஆட்டம் எப்போது முடியும் என்றும் யாருக்கும் தெரியாது. பிள்ளை மூடியிலேயே பால்குடி மறந்து, பேச்சு வந்து, பள்ளிக்கூடம் போகிற வயசு வந்து, அப்போதும் நான் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன் என்று நினைத்ததும், பிள்ளையைச் சுற்றியிருந்த காலி முனைகளை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

ஒரு கூட்டம் பிழைக்க வழி ஒன்றுதான். கூட்டத்துக்கு உள்ளே இரண்டு காலி முனை தனித்தனியாக இருக்க வேண்டும். எதிராளி ஒரே முறையில் இரண்டையும் அடைக்க முடியாது, அதனால் தொட மாட்டார். ஒரு முனைதான் என்றால், வெளியே எல்லாம் அடைத்துவிட்டுக் கடைசியில் அதையும் அடைத்து அள்ளிக்கொள்வார். தன்ஷிகாவுக்குத் தெற்குப் பக்கம் ஒரு காலி முனையை நான் எப்படியோ காப்பாற்றிவிட்டேன். இரண்டாவதை நர்ஸம்மாவுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன், இன்னும் ஒரு பக்கெட் வைத்தால் முடிந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் குட்டியானை வந்து நின்றது, அதிலிருந்து அவர் இறக்கின பெரிய எருமை நேராகப் போய் அந்த இரண்டாவது முனையில் நின்று சாணி போட்டது. அவ்வளவுதான். அப்புறம் நான் என்ன வைத்தாலும் சுவர் ஒவ்வொரு கல்லாக எழும்புகிற மாதிரி வெளிமூச்செல்லாம் அடைபட்டு, மிச்சம் இருந்தது பிள்ளைக்குத் தெற்குப் பக்கத்து முனை ஒன்றே ஒன்று.

அவர் முறை வந்தது. குழாயடியைச் சுற்றி ஊரே நின்றது. என் கூட்டத்துக் காய்கள் பையோடு தயாராக இருந்தன. நர்ஸம்மா மாற்றுப் புடவை எடுத்து வைத்திருந்தார். மாமா வண்டியைத் துழாவினார், எல்லாம் தீர்ந்திருந்தது. பச்சையம்மா அத்தை வீட்டுக்கு ஓடி, எண்ணெயில் பழகிக் கன்னங்கரேலென்று மின்னுகிற தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார். கனமான கல், அழகான கறுப்பு, ஏசுபாதம் சார்கூடத் தலையை ஆட்டினார்.

மாமா தோசைக்கல்லைப் பார்த்தார், காலி முனையைப் பார்த்தார், முனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்த தன்ஷிகாவைப் பார்த்தார்.

"இத வெச்சிட்டா ராத்திரிக்கு தோசை எதுல சுடுவ?" என்று அத்தையைக் கேட்டார்.

கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் அன்றைக்குக் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். எருமையை ஒதுக்கி, சாமிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, அந்தக் கடைசி முனையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஏசுபாதம் சார் கொஞ்ச நேரம் விசிலை வாயில் வைத்துக்கொண்டே யோசித்தார். நிறம் சரி, கனம் சரி, முனை சரி. ஆட்டக்காரரே காய் ஆகக் கூடாது என்று விதி இல்லை. செல்லும் என்றார். இனி மாமா என் கூட்டத்தைத் தூக்கிவிட்டுக் குமிழை அமுக்க வேண்டும். அதுவரை ஓடுவது அவர் நேரம்.

மாமா தூக்கவில்லை. அமுக்கவும் இல்லை. காய் எப்படி உட்காருமோ அப்படி உட்கார்ந்திருந்தார். கடிகாரம் அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, நேரத்தைக் கூட்டப் புதுக்கோடும் பிறக்கவில்லை.

அத்தைதான் முதலில் கத்தினார், யோவ் எந்திரிச்சித் தூக்குய்யா, ஆட்டம் உன் கையில இருக்குதுய்யா என்று. மாமா பதில் சொல்லவில்லை, காய் பேசுமா? சாமிகள் தூக்குங்க சாமி தூக்குங்க சாமி என்றார்கள். எங்களையாவது கொண்டுபோய் விடுங்கள், மண்டபத்தில் சாப்பாடு ஆறிப்போகும் என்றார் நர்ஸம்மா. ஏசுபாதம் சாரால் வாயைத் திறக்க முடியாது, நடுவர் ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது. அவர் கழுத்தில் கடிகாரம் மட்டும் சத்தமாக ஓடியது. மாமா யோசித்து யோசித்து ஆடுகிறவர், நேரத்தை நிறையச் செலவழித்திருந்தார், இருந்தும் ஒரு மத்தியானத் தூக்கம் போடுகிற அளவுக்கு மிச்சம் இருந்தது. அதில் எந்த நொடியும் அவர் கையை நீட்டலாம். நீட்டினால் என் பிள்ளை மூடிக்கு.

நான் கட்டத்துக்குள் நின்றுகொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தல் கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய கை, முழங்கால் மேல் கிடந்தது. ஒரு தடவை விரல் அசைந்தது. ஈயை விரட்டினார், தன்ஷிகாவின் கன்னத்தில் உட்காரப் போன ஈ. காய் ஈ விரட்டலாமா என்று ஒரு சாமி கேட்டார், நகரவில்லையே என்று இன்னொரு சாமி சொன்னார். தன்ஷிகா தன் கட்டைவிரலை விட்டுவிட்டு அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள், வாயில் வைத்துப் பார்த்தாள், அது வராது என்று தெரிந்ததும் கொட்டாவி விட்டு, அப்படியே சாய்ந்து, உடம்பு பாதி தன் முனையிலும் தலை அவர் தொடையிலுமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் அவளைத் திருப்பி வைக்கவில்லை. அத்தை கத்துவதை நிறுத்திவிட்டு, தோசைக்கல்லைத் தலைக்கு மேலே பிடித்து, அந்த இரண்டு காய்க்கும் வெயில் படாமல் நின்றார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். மாமாவுக்குக் கால் மரத்துப்போய் முகம் கோணியது எனக்குத் தெரிந்தது. அப்போதும் அவர் அசையவில்லை.

கடிகாரம் நின்றது. ஏசுபாதம் சார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கறுப்புக்கு நேரம் தீர்ந்தது, வெள்ளை ஜெயித்தது, ஆட்டம் முடிந்தது என்று சொல்லி நீளமாக விசில் ஊதினார். ஏரிக்கரை வரைக்கும் நின்றிருந்த காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முனையை விட்டுக் கிளம்பின. எருமைகள் கத்தின, கேஸ் சிலிண்டர்கள் உருண்டன, மண்டபத்திலிருந்து வட்டச் செயலாளர் விடுதலையாகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் வாயைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் வந்தார், சாமிகள் சரணம் போட்டார்கள், யாரோ எங்கிருந்தோ மேளத்தையும் கொண்டுவந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் எல்லாக் கோட்டையும் மிதித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளக் குனிந்தேன்.

மாமா கையை என் கைக்குக் குறுக்கே நீட்டினார்.

"மேளத்தை நிறுத்தச் சொல்லும்மா," என்றார், உதடு மட்டும் அசைய. "இப்பதான் தூங்குது."